பியானோவை முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு: முதல் ஆறு மாதத்துக்கான முழுமையான வழிகாட்டி

என்னிடம் பியானோ கற்க வருகிறவர் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியாக இருந்தாலும் சரி, முதல் வகுப்பில் வாசிக்கச் சொல்லமாட்டேன். வீட்டிலிருக்கும் அப்ரைட் பியானோவின் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒரே ஒரு கட்டையை ரொம்ப மெதுவா அழுத்துங்க, உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க" என்பேன். கட்டை கீழே இறங்கும், உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் ஒன்று கம்பியை நோக்கி நகரும், கம்பியைத் தொடும் முன்பே பின்னால் சாய்ந்துவிடும். சத்தமே வராது. பியானோ கெட்டுவிட்டதோ என்று வந்தவர் என்னைப் பார்ப்பார். கெடவில்லை, அதன் அமைப்பே அப்படித்தான்.

கம்பிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது கட்டைக்கும் சுத்தியலுக்கும் உள்ள பிடி விட்டுப்போகிறது. அந்தக் கடைசி தூரத்தைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்க வேண்டும். கவணிலிருந்து கல் பறக்கிற மாதிரி. விட்ட பிறகு கல்லை ஒன்றும் செய்ய முடியாது, விடும்போது கொடுத்த வேகம்தான் கணக்கு. கட்டை மொத்தமாக இறங்குவதே 10 மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். அடியில் போய் இடித்த பிறகு எவ்வளவு அமுக்கினாலும் ஒலி மாறாது, விரல்தான் வலிக்கும்.

கச்சேரி, சர்ச், ரெக்கார்டிங் என்று இருபது வருஷத்துக்கு மேல் வாசித்து, அதில் பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்தும் வந்த பிறகு எனக்குத் தெரிந்தது இதுதான்: புதிதாகத் தொடங்குகிறவர்களின் பெரும்பாலான சிக்கல்கள், கட்டையை அமுக்கிப் பிடித்தால்தான் ஒலி வரும் என்ற நினைப்பிலிருந்து வருகின்றன. ஹார்மோனியத்தில் கட்டையைப் பிடித்திருக்கும்வரை ஒலி நிற்கும், அதைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியின் வேலை. பியானோவில் ஒலி பிறந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். 1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததற்கு முன்பு இருந்த ஹார்ப்சிகார்டில், சின்ன இறகு நுனி ஒன்று கம்பியைச் சுண்டும். எப்படித் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம்தான். விரலின் வேகத்துக்கு ஏற்ப மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்கிற புதுமைக்காகத்தான் இதற்கு இத்தாலிய மொழியில் மென்மை என்று பொருள்படும் "பியானோ", உரக்க என்று பொருள்படும் "ஃபோர்ட்டே" இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சுருங்கி இப்போது பியானோ.

கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தச் சுத்தியலைச் சுற்றித்தான்.

கருவி வாங்குவது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். கடையில் மூன்று வகை இருக்கும். ஒன்று 61 கட்டை கொண்ட சாதாரண கீபோர்டு, நூற்றுக்கணக்கான ஒலிகள், கூடவே தாளம் போட்டுக்கொடுக்கும் ரிதம். இரண்டாவது 88 கட்டை டிஜிட்டல் பியானோ. மூன்றாவது கம்பியும் சுத்தியலும் உள்ள நிஜப் பியானோ, அதிலும் வீட்டுக்கு என்றால் பெரும்பாலும் சுவரோரம் நிற்கும் அப்ரைட் வகை.

கீபோர்டின் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்தான் இருக்கிறது, தூக்கி எறிய அதில் ஒரு எடையும் இல்லை. அதில் ஒரு வருஷம் கற்ற பிள்ளையை நிஜப் பியானோ முன் உட்காரவைத்தால் விரல் நிற்காது, பாதி ஸ்வரங்கள் சத்தமே இல்லாமல் போய்விடும். ஒரு குடும்பம், கடைக்காரர் பியானோ என்று சொல்லிக் கொடுத்த 61 கட்டைக் கருவியை ஆசையோடு வீட்டில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் பிள்ளை எட்டு மாதம் அதில் வாசித்திருந்தாள், என் பியானோவில் அவள் சுண்டுவிரலால் ஒரு ஸ்வரம்கூட எழுப்ப முடியவில்லை. அழுதுவிட்டாள். தவறு அவளுடையதே இல்லை.

ஆகவே பியானோதான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் 88 கட்டை, அதுவும் சுத்தியல் எடை உள்ள கட்டை, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். யமஹா, ரோலண்ட், கேசியோ, கவாய் எல்லாருமே தொடக்கநிலை டிஜிட்டல் பியானோக்களை இந்த அமைப்போடு செய்கிறார்கள். இடப்பக்கத்துக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக இலகுவாகவும் இருக்கும், நிஜப் பியானோவில் தடித்த கம்பிகளுக்குப் பெரிய சுத்தியல் இருப்பதைப் போல. கடையில் போய் நின்றால் ரிதம் பட்டனைத் தொடாதீர்கள். ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்துங்கள். அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் இன்னும் வேகமாக. ஒலி படிப்படியாக மாறுகிறதா, இல்லை இரண்டு மூன்று அளவில் தாவுகிறதா என்று காதால் பாருங்கள். ஒரு கட்டையைத் தட்டி அப்படியே பிடித்துக்கொண்டு, ஒலி எவ்வளவு நேரம் தேய்ந்துகொண்டே போகிறது என்று கேளுங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம் போதும், விற்பனையாளர் அடுக்கும் ஒலிகளின் எண்ணிக்கையைவிட இது பயனுள்ளது. கூடவே தரமான ஸ்டாண்டு, மிதிக்க நல்ல பெடல் ஒன்று. டிஜிட்டல் பியானோவோடு இலவசமாக வரும் சின்னச் சதுரப் பெடல் தரையில் நழுவி ஓடும், அதை மாற்றிவிடலாம்.

பழைய அப்ரைட் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், சுருதி சேர்த்துத் தரும் ட்யூனர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் பல டன் இழுவிசையில் இறுகி நிற்கும் கருவி அது. சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பிக் கட்டைகள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும், எலி நுழைந்தால் கம்பளியைக் கத்தரித்துக் கூடு கட்டிவிடும். கம்பியைப் பிடித்திருக்கும் ஆணிகள் தளர்ந்திருந்தால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் நிற்காது, அந்தப் பியானோவை விட்டுவிடுங்கள். நல்லதாக அமைந்து வாங்கினால் வருஷத்துக்கு இரண்டு முறை ட்யூனிங் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். ஃபிளாட்டில் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் இருக்கும்போது ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கும் வசதி பெரிய விஷயம், அதனால் பெரும்பாலானவர்களுக்கு டிஜிட்டல் பியானோவையே நான் சொல்கிறேன்.

உட்காரும் விதம்

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அதில் உயரம் மாற்ற முடியாது, சாய்ந்துகொள்ளத் தோன்றும். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, கையைக் கட்டைகள் மேல் வைத்தால் முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ ஒரு நூல் மேலேயோ இருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பிள்ளைகளுக்குக் கால் எட்டாது, அடியில் ஒரு மணைப்பலகையோ கனமான புத்தகக் கட்டோ வையுங்கள். கால் தொங்கினால் உடம்பு எங்கேயாவது இறுகிப் பிடித்துக்கொள்ளும், அந்த இறுக்கம் நேராகத் தோளுக்கு ஏறி மணிக்கட்டில் வந்து நிற்கும்.

கை எப்படி இருக்க வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். எழுந்து நின்று கையைச் சும்மா தொங்கப் போடுங்கள். விரல்கள் தாமாக லேசாக வளைந்திருக்கின்றன, பாருங்கள். அந்த வளைவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கட்டை மேல் வையுங்கள், அவ்வளவுதான்.

நான் சின்னப் பிள்ளையாகக் கற்றபோது புறங்கையில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் வாசிக்கச் சொன்னார்கள். நாணயம் விழவே இல்லை. மணிக்கட்டை அப்படி இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இருபது வயதைத் தாண்டியபோது வலது மணிக்கட்டில் வலி தொடங்கி, நான்கு மாதம் கட்டையையே தொடாமல் இருந்து, பிறகு ஒரு விரலிலிருந்து மறுபடி கற்றேன். அதனால் என் மாணவர்களிடம் இதில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: வலித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். சோர்வு வரலாம், வலி வரக்கூடாது.

கட்டைகளில் வழி கண்டுபிடிப்பது

88 கட்டையில் 52 வெள்ளை, 36 கறுப்பு. பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் 12 கட்டை கொண்ட ஒரே தெரு திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவே. கறுப்புக் கட்டைகளைப் பாருங்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக நிற்கும். இரண்டு கறுப்புக் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் சி. மூன்று கறுப்புக் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எஃப். இந்த இரண்டும் தெரிந்தால் மற்றவை பக்கத்து வீடுகள். 88 கட்டைக் கருவியில் இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக வரும் சி-க்கு மிடில் சி என்று பெயர், உங்கள் தொப்புளுக்கு நேராக அது இருக்கும்படி உட்காருங்கள்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஏற்கனவே பாதி தெரியும். பாடுகிறவர்கள் "எனக்கு ஐந்து கட்டை", "நாலரை கட்டை" என்று சுருதி சொல்வார்கள் இல்லையா, அது ஹார்மோனியக் கட்டையின் எண்தான். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை என்று வருவதெல்லாம் கறுப்பு: நாலரை என்றால் எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவிலுள்ள கறுப்பு. மூன்றரை கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள், ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது. சி-யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் வருவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மேற்கத்தியர் அதை சி மேஜர் என்பார்கள். சரளி வரிசை பாடிப் பழகிய மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் ஒரு படி கீழே இருக்கும் கறுப்புக்கு மாற்றுங்கள், வந்துவிடும். கமகம் மட்டும் வராது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழுக்கிப் போக பியானோவில் இடமில்லை, அதை இங்கே தேட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: ஒரே ஒரு ஸ்வரம்

விரல்களுக்கு எண் உண்டு. இரு கைக்கும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இது மேற்கத்திய நோட்ஸ் புத்தகம் எல்லாவற்றிலும் அப்படியே வரும்.

முதல் பயிற்சி இது. வலக்கையை மடியில் வையுங்கள். முன்கையை மெல்லத் தூக்கி, நடுவிரல் நுனி மிடில் சி மேல் போய் உட்காரும்படி கையின் எடையோடு விழ விடுங்கள். விரலால் குத்த வேண்டாம், எடை விழட்டும். ஒலி வந்த அடுத்த கணமே தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள், கட்டை மேலே வந்துவிடாமல் தாங்கும் அளவுக்கு மட்டும் விரலில் எடை இருந்தால் போதும். அப்புறம் கண்ணை மூடி, அந்த ஒலி முழுதாக மறையும்வரை கேளுங்கள். முதல் நாள் இரண்டு மூன்று நொடியிலேயே "முடிஞ்சுது" என்பார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஸ்வரத்தை பத்து நொடிக்கு மேல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பியானோ அதேதான், காது வளர்ந்திருக்கிறது.

அடுத்து அதே ஸ்வரத்தை ஐந்து அளவில்: கேட்டும் கேட்காத மாதிரி, மென்மையாக, சாதாரணமாக, உரக்க, மிக உரக்க. மென்மையாக வாசிக்கத்தான் கஷ்டமாக இருக்கும், சுத்தியல் கம்பிக்கு எட்டாமல் திரும்பிவிடும். அது நடந்தால் நல்லது, எல்லை எங்கே இருக்கிறது என்று கை தெரிந்துகொள்கிறது. இதற்கு இரண்டு வாரமா என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நான் இதைக் குறைப்பதில்லை.

அப்புறம் ஐந்து விரல்களையும் சி, டி, இ, எஃப், ஜி மேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு எடையை நகர்த்த வேண்டும், நடக்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பு போகிறதல்லவா, அதே மாதிரி. நான்காவது விரல் எல்லாருக்கும் பலவீனம், பக்கத்து விரல்களோடு தசைநாண்களால் பிணைந்திருப்பதால் அதைத் தனியாக உயரத் தூக்க முடியாது. தூக்கவும் வேண்டாம், இறங்கினால் போதும்.

முதல் மெட்டும் இரண்டு கையும்

ஐந்து விரலுக்குள் அடங்கும் மெட்டாகத் தேடுங்கள். நான் பெரும்பாலும் பீத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் மெட்டைக் கொடுப்பேன், காதில் ஏற்கனவே விழுந்திருக்கும். சி-யை ஸ என்று வைத்து, நான்கு சின்ன வரியாக ஸ்வரத்தில் சொன்னால்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. வலக்கைக் கட்டைவிரல் சி-யில் இருந்தால் கையை நகர்த்தவே தேவையில்லை.

இங்கே பொறுமை வேண்டும். முதலில் வாயால் பாடுங்கள், தொடையில் தட்டி எண்ணிக்கொண்டு. பாட வராததை விரல் வாசிக்காது. பிறகு வலக்கை மட்டும், டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து. பிறகு இடக்கை மட்டும்: மிடில் சி-க்குக் கீழே உள்ள சி-யில் சுண்டுவிரல், அதற்கு மேலுள்ள ஜி-யில் கட்டைவிரல். நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை, முதல் வரிக்கு சி, இரண்டாவதற்கு ஜி, மூன்றாவதற்கு சி, நான்காவதற்கு ஜி. இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்று உடனே இரண்டையும் சேர்த்தால் உடைந்துவிடும், பெரியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் "எனக்கு வராது" என்று எழுந்துவிடப் பார்ப்பார்கள்.

சேர்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மெட்டு முழுவதையும் எடுக்காதீர்கள். முதல் வரியின் முதல் ஸ்வரத்தில் இரு கையும் ஒன்றாக விழுகின்றன, அதை மட்டும் ஐந்து முறை வாசியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா, இல்லை தடதடவென்று ஒன்றன் பின் ஒன்றாக விழுகின்றனவா என்று கேளுங்கள். சரியானதும் வலக்கையில் அடுத்த ஸ்வரத்தைச் சேருங்கள், இடக்கை அழுத்தாமல் எடையோடு அங்கேயே கிடக்கட்டும். இப்படி ஒரு வரி. பிறகு நான்காவது வரிக்குப் போய் அதைத் தனியாக. அப்புறம் மூன்றும் நான்கும். பின்னாலிருந்து முன்னால் வருவதில் ஒரு லாபம் உண்டு: வாசிக்க வாசிக்க, நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள், தெரியாத இடத்தை நோக்கி இல்லை. மெட்ரோனோமை 60-க்குக் கீழே 50-க்குக் கூட இறக்கலாம். தப்பு வாசித்தால் அங்கேயே திருத்திவிட்டு ஓடாதீர்கள், அந்தத் திக்கலையும் கை மனப்பாடம் செய்துகொள்ளும். நிறுத்தி, இரண்டு ஸ்வரம் பின்னோக்கிப் போய், தப்பு வரமுடியாத வேகத்தில் மூன்று முறை.

ஐந்து விரலைத் தாண்டுவது

ஆறாவது வாரம் வாக்கில் ஒரு முழு ஸ்தாயி, அதாவது ஸ்கேல். எட்டு ஸ்வரத்துக்கு ஐந்து விரல் போதாது என்பதால் கட்டைவிரல் அடியில் நுழைய வேண்டும். வலக்கை ஏறும்போது 1, 2, 3, பிறகு நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரல் புகுந்து எஃப்-ஐத் தொட்டு 1, 2, 3, 4, 5. இடக்கை 5, 4, 3, 2, 1, பிறகு நடுவிரல் கட்டைவிரலுக்கு மேலாகத் தாண்டி 3, 2, 1. ஸ ரி க வாசிக்கும்போதே கட்டைவிரல் மெல்ல உள்ளே நகர்ந்து தயாராகிவிட வேண்டும், கடைசி நொடியில் முழங்கையைத் தூக்கித் திணிக்கக் கூடாது. மத்தியில் ம மட்டும் பலமாக ஒலித்தால் கட்டைவிரல் குத்துகிறது என்று அர்த்தம். பக்கத்து அறையில் இருப்பவருக்கு விரல் மாறியதே தெரியாமல் இருந்தால் சரி.

எழுத்து படிப்பது

சிலர் காதாலேயே வாசிக்கிறேன், நோட்டேஷன் எதற்கு என்பார்கள். காது முக்கியம், நான் முதல் மாதம் முழுக்க அதைத்தான் வளர்க்கிறேன். ஆனால் படிக்கத் தெரியாதவர் இன்னொருவர் வாசித்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அது பெரிய இழப்பு. மூன்றாவது மாதத்திலிருந்து தினமும் ஐந்து நிமிஷம் போதும்.

ஐந்து கோடு மேலே, ஐந்து கோடு கீழே, இரண்டுக்கும் நடுவில் மறைந்திருக்கும் பதினோராவது கோடுதான் மிடில் சி. மேல் ஐந்துக்கு முன்னால் சுருண்டு நிற்கும் குறி தன் வயிற்றால் சுற்றிக்கொள்ளும் கோடு ஜி. கீழ் ஐந்தின் குறிக்கு இரண்டு புள்ளி இருக்கும், அவற்றுக்கு நடுவிலுள்ள கோடு எஃப். இந்த மூன்று இடத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றவற்றை எண்ணிக் கண்டுபிடிக்காதீர்கள், முந்தைய ஸ்வரத்திலிருந்து பக்கத்துக்குப் போகிறதா, ஒன்றைத் தாண்டுகிறதா என்று தூரத்தைப் படியுங்கள். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி என்றால் பக்கத்துக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் ஒன்று தாண்டி. கட்டை மேல் சி டி இ என்று ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கண் கீழேயே பழகிவிடும், பிறகு அதைத் தாளுக்கு ஏற்றுவது பெரும்பாடு.

இடக்கைக்கு நான்கு கார்டு

பெரியவர்களில் பாதிப் பேர் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கத்தான் வருகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நான்காவது மாதத்தில் கார்டு, அதாவது மூன்று ஸ்வரத்தை ஒன்றாகச் சேர்த்து வாசிப்பது, தொடங்கலாம். யூடியூபில் ஒவ்வொரு கார்டையும் அடியிலிருந்து தனித்தனியாகக் கற்றுக்கொண்டு இடக்கையைத் தவளை மாதிரி தாவ விடுகிறார்கள். வேண்டாம். கை நகராமலேயே நான்கு கார்டு வரும், இப்போதே வாசித்துப் பாருங்கள்: இடக்கையில் சி, இ, ஜி. இது சி மேஜர். இப்போது ஜி-யை மட்டும் பக்கத்து ஏ-க்கு ஏற்றுங்கள்: சி, இ, ஏ. இது ஏ மைனர். இப்போது இ-யை மட்டும் எஃப்-க்கு ஏற்றுங்கள்: சி, எஃப், ஏ. இது எஃப் மேஜர். கடைசியாக மூன்று விரலையும் கீழே இறக்கி பி, டி, ஜி. இது ஜி மேஜர். மறுபடி முதலுக்கு வந்தால் சி-யும் இ-யும் ஏறும், ஜி அங்கேயே நிற்கும். இந்த நான்கை வைத்து எத்தனையோ பாட்டுகளுக்குப் பின்னணி வாசிக்கலாம்.

மூன்று ஸ்வரமும் ஒரே வேகத்தில் விழுந்தால் இடக்கை வலக்கையின் மெட்டை விழுங்கிவிடும். இடக்கையை மூன்றில் ஒரு பங்கு சத்தத்தில் வையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரே ஸ்வரத்தை ஐந்து அளவில் வாசித்தது இங்கே கைகொடுக்கும்.

பெடலைப் பற்றி ஒரு வார்த்தை: விரலை எடுத்த பிறகும் ஒலியை நிற்கவைக்கும் வலது பெடலைக் கார்டோடு சேர்த்து மிதிக்காதீர்கள். கார்டு விழுந்த பிறகு மிதித்து, அடுத்த கார்டு விழும் அதே நொடியில் தூக்கி, உடனே மறுபடி மிதிக்க வேண்டும். சேர்த்து மிதித்தால் பழைய கார்டும் புதியதும் குழம்பி சேறாகிவிடும். ஐந்தாவது மாதத்துக்கு முன் பெடலைத் தொடவே வேண்டாம், அது விரலின் குறைகளை மூடி மறைத்துவிடும்.

தினப் பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினம் இருபது நிமிஷம் மேல். பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் வீதம் இரண்டு வேளை. என் மாணவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதல் மூன்று நிமிஷம் எடை விழும் பயிற்சி, ஒரு ஸ்வரம், காது. ஐந்து நிமிஷம் ஸ்கேல், தனித்தனிக் கையாக. எட்டு நிமிஷம் புதிய பாடத்தில் இரண்டே வரி, அதற்கு மேல் போகக் கூடாது. மிச்சம் பிடித்ததை வாசித்துக்கொள்ளலாம், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கடைசி நான்கு நிமிஷத்தைப் பெற்றோர் பலர் பிடுங்கிவிடுகிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் பிள்ளை நாளைக்கு மறுபடி வந்து உட்காரும்.

கருவி மூடியோ துணி போட்டோ இருக்க வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்து ஒயர் மாட்டி வாசிக்க வேண்டும் என்றால் நான்காம் நாளே விட்டுப்போகும். ஹாலில் திறந்தபடி இருக்கட்டும், தூசியைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரும் பரீட்சையும்

நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பரிசோதனை வகுப்பு போதும். அவர் உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, உங்கள் தோளையும் பார்க்கிறாரா? நீங்கள் வாசித்ததும் உடனே "தப்பு" என்கிறாரா, "என்ன கேட்டுச்சு?" என்று கேட்கிறாரா? ஆன்லைன் வகுப்பு என்றால் ஃபோனை முகத்துக்கு நேராக வைக்காமல், பக்கவாட்டில் தோளும் முழங்கையும் கட்டையும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். வாரம் ஒருமுறையாவது நேரில் போக முடிந்தால் தொடக்கத்தில் அதுவே நல்லது, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிவது திரையில் தெரியாது.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் லண்டனிலிருந்து நடத்தப்படும் பரீட்சைகள், இனிஷியல் என்ற ஆரம்பப் படியும் அதற்கு மேல் எட்டு கிரேடும் உண்டு. வாசிக்க மூன்று உருப்படி, ஸ்கேல் போன்ற பயிற்சிகள் எல்லாம் கேட்பார்கள். ஒரு இலக்கு இருந்தால்தான் நகர்வேன் என்பவர்களுக்கு இது உதவும். ஆனால் வருஷம் முழுக்க மூன்றே மூன்று உருப்படியை மட்டும் வாசித்து கிரேடு ஏறும் பிள்ளைகளையும் பார்க்கிறேன், நான்காவது ஒரு தாளை முன்னால் வைத்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரிவதில்லை. முதல் வருஷம் பரீட்சை வேண்டாம் என்பது என் கருத்து.

வயதைப் பற்றிக் கேட்காத பெரியவர் இல்லை. ஏற்கனவே தேர்ந்த இசைக்காரராக இருந்த இளையராஜாவே, மேற்கத்திய இசையை முறையாக தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது சென்னைக்கு வந்த பிறகு, இருபதுகளில்தான். என்னிடம் வந்த வங்கி அதிகாரிக்கு அறுபத்தொன்று. "மேடம், இந்த வயசுல விரல் வளையுமா?" என்றார். "வளைய வேண்டாம் சார், விழுந்தா போதும்" என்றேன். பெரியவர்களுக்கு விரல் மெதுவாகத்தான் பழகும், ஆனால் சொன்னது ஏன் என்று புரிந்துகொண்டு செய்வார்கள், அது பிள்ளைகளிடம் இல்லாத பலம்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஃபோனில் ஒரு பதிவு எடுங்கள். ஃபோனைக் கட்டைக்குப் பக்கத்திலேயே வைத்து, அப்போது என்ன தெரியுமோ அதை ஒருமுறை வாசித்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள். நடுவில் கேட்காதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் வரிசையாகக் கேளுங்கள். அந்த வங்கி அதிகாரி தன் முதல் மாதப் பதிவைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பாட்டைவிட கட்டை அடியில இடிக்கிற சத்தம்தான் மேடம் பெருசா கேக்குது" என்றார். ஆறாவது மாதப் பதிவில் அந்த இடி இல்லை, ஸ்வரங்கள் மட்டும் இருந்தன.